ஃபாரா வில்லியம்ஸ்: 172 ஆட்டங்களும் வீடில்லாத ஆறு ஆண்டுகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்துக்காக அதிக சர்வதேசக் கால்பந்து ஆட்டங்கள் ஆடியவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பீட்டர் ஷில்டன், வெய்ன் ரூனி, ஹாரி கேன் என்று பெயர்கள் வரும். ஆண்கள் அணியில் ஷில்டனின் 125 ஆட்டங்கள் பெரிய சாதனைதான். ஆனால் ஃபாரா வில்லியம்ஸ் என்ற பெண் ஆடியது 172. அவரைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதப்படவில்லை. என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே தருகிறேன்.

ஃபாரா வில்லியம்ஸ் யார்?

1984 ஜனவரி 25 அன்று பிறந்தவர். தெற்கு லண்டனில் உள்ள பேட்டர்சீ சொந்த ஊர். நடுக்கள ஆட்டக்காரர். செல்சீ, சார்ல்ட்டன், எவர்ட்டன், லிவர்பூல், ஆர்சனல், ரெடிங் என்று ஆறு கிளப்புகளுக்கு ஆடியிருக்கிறார். இங்கிலாந்துக்காக 2001 முதல் 2019 வரை 172 ஆட்டங்கள், 40 கோல்கள். 2021-இல் 37 வயதில் ஓய்வு பெற்றார்.

கால்பந்து அவருக்கு எப்படி வந்தது?

பேட்டர்சீயில் மாநகராட்சிக் குடியிருப்பு ஒன்றில் வளர்ந்தார். லண்டனின் இந்த மாதிரிக் குடியிருப்புகளில் சுற்றிலும் கம்பி வேலி போட்ட சின்ன ஆடுகளம் ஒன்று இருக்கும். 'கேஜ்' என்பார்கள். சிமெண்டுத் தரை, நெருக்கமான இடம், பந்து வேலியில் பட்டுத் திரும்பி வந்துகொண்டே இருக்கும். அங்கே பையன்களோடு பையன்களாக ஆடினார்.

நெருக்கடியில் பந்தை இழக்காமல் காப்பது, பந்து காலுக்கு வருவதற்கு முன்பே அடுத்து எங்கே தட்டுவது என்று முடிவு செய்வது, இதெல்லாம் அங்கே தானாகப் படிந்துவிடும். பின்னாளில் அவர் ஆட்டத்தைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கம்பி வேலிதான் நினைவுக்கு வரும். பிறகு செல்சீயின் பெண்கள் அணி, அங்கிருந்து 2001-இல் சார்ல்ட்டன். அதே ஆண்டு நவம்பரில் போர்ச்சுகலுக்கு எதிராக இங்கிலாந்து அணியில் அறிமுகமானார். அப்போது வயது 17.

வீடில்லாமல் இருந்தார் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். அதே 17 வயதில் குடும்பத்தில் பிணக்கு ஏற்பட்டு, அம்மாவோடும் உறவு முறிந்து வீட்டைவிட்டு வெளியேறினார். ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் சொந்தமாகத் தங்க இடமில்லை. வீடற்றோர் விடுதிகளில் காலம் போனது.

அவரே பின்னாளில் பேட்டிகளில் இதைச் சொல்லியிருக்கிறார். விடுதியில் யாரும் நெருங்கி வந்து தொல்லை கொடுக்காமல் இருக்க, புத்தி பேதலித்தவரைப் போல விநோதமான சத்தங்கள் எழுப்புவாராம். பார்க்கிறவர்கள் பயந்து விலகிப் போய்விடுவார்கள் என்பதுதான் கணக்கு. பதின்வயதுப் பெண் ஒருத்திக்கு அதுதான் தற்காப்பாக இருந்திருக்கிறது. இதே பெண்தான் நாட்டின் சட்டையை அணிந்து, தேசிய கீதத்துக்கு வரிசையில் நின்றார். தேசிய அணி முகாமில் இருக்கும்வரை நல்ல ஓட்டல் அறை, மூன்று வேளைச் சாப்பாடு. முகாம் முடிந்ததும் மற்றவர்கள் வீட்டுக்குப் போவார்கள், இவர் பையைத் தூக்கிக்கொண்டு விடுதிக்குப் போவார்.

தேசிய அணியில் ஆடுகிறவருக்கு எப்படி வீடில்லாமல் போகும்? சம்பளம் தர மாட்டார்களா?

இதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. பதில் கொஞ்சம் நீளம்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் பெண்கள் கால்பந்தைத் தொழில் என்று சொல்லவே முடியாது. 2000-இல் ஃபுல்ஹம் கிளப் ஐரோப்பாவிலேயே முதன்முறையாகப் பெண்கள் அணியை முழுநேரத் தொழில்முறை அணியாக்கியது. ரேச்சல் யான்கி அங்கே கையெழுத்திட்டு, இங்கிலாந்தின் முதல் தொழில்முறை வீராங்கனை ஆனார். மற்ற கிளப்புகள் யாரும் பின்தொடரவில்லை. 2003-இல் அந்த ஏற்பாடும் முடிந்துபோனது. இங்கிலாந்து வீராங்கனை கெல்லி ஸ்மித் போன்ற மேதைகூடச் சம்பளத்துக்கு ஆட அமெரிக்கா போக வேண்டியிருந்தது.

மற்றவர்கள் பகலில் வேலை பார்த்தார்கள், சாயங்காலம் பயிற்சிக்கு வந்தார்கள். ஆசிரியை, தபால் ஊழியர், ஜிம் பயிற்றுநர் என்று ஆளுக்கொரு வேலை. வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். பெற்றோர் வீட்டில் இருப்பவர்களுக்கு இது எப்படியோ ஓடிவிடும். ஃபாராவுக்குத் திரும்பிப் போக வீடு இல்லை. மற்றவர்களுக்குக் குடும்பம் சத்தமில்லாமல் ஈடுகட்டிய செலவு அது. அவருக்கு மட்டும் அது அப்பட்டமாகத் தெரிந்தது.

2009-இல்தான் இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் தேசிய அணியின் 17 பேருக்கு மைய ஒப்பந்தம், அதாவது சங்கமே நேரடியாகச் சம்பளம் தரும் ஒப்பந்தம், கொடுத்தது. ஆண்டுக்கு 16,000 பவுண்டு. 2013-இல் அதை 18,000 ஆக்கித் தருகிறோம் என்றபோது வீராங்கனைகள் கையெழுத்துப் போட மறுத்தார்கள். கடைசியில் 20,000 என்று முடிவானது. அதற்குள் ஃபாரா நூறு ஆட்டங்களைத் தாண்டிவிட்டார். இந்த வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

அணியில் யாருக்கும் தெரியாதா? யார் உதவினார்கள்?

பலருக்கும் தெரியாமல் வைத்திருந்தார். பயிற்சிக்குத் தவறாமல் வருகிற, நன்றாக ஆடுகிற பெண் இரவில் எங்கே படுக்கிறாள் என்று யாருக்கும் கேட்கத் தோன்றுவதில்லை.

தெரிந்து கைகொடுத்தவர்களில் இருவரை அவசியம் சொல்ல வேண்டும். ஒருவர் ஹோப் பவல். 1998 முதல் 2013 வரை இங்கிலாந்து பெண்கள் அணியின் பயிற்சியாளர், தானும் தெற்கு லண்டன்காரர். இன்னொருவர் மோ மார்லி, அப்போது எவர்ட்டன் பயிற்சியாளர். 2004-இல் ஃபாரா எவர்ட்டனுக்குப் போனார். வடக்கே லிவர்பூலில் புது வாழ்க்கை. இளம் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர் வேலையும் கிடைத்தது. மாதாமாதம் வருமானம், பிறகு பூட்டிச் சாவி எடுத்துக்கொள்ளக் கூடிய ஓர் இடம். அவர் ஆட்டம் உச்சத்துக்குப் போனதும் இதற்குப் பிறகுதான்.

1921 தடை என்று சொல்கிறார்களே, அது என்ன? அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

1920 டிசம்பர் 26. லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானம். பிரெஸ்டன் தொழிற்சாலைப் பெண்களின் டிக் கெர் லேடீஸ் அணி செயின்ட் ஹெலன்ஸ் அணியோடு மோதியது. சுமார் 53,000 பேர் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு, 1921 டிசம்பர் 5 அன்று, கால்பந்துச் சங்கம் தன் உறுப்புக் கிளப்புகளின் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று தடை போட்டது. பெண்களுக்கு இந்த ஆட்டம் பொருந்தாது என்பது காரணமாம். தடை நீங்க அரை நூற்றாண்டு ஆனது. இங்கிலாந்து பெண்கள் அணியின் முதல் அதிகாரபூர்வ ஆட்டமே 1972-இல்தான், ஸ்காட்லாந்துக்கு எதிராக.

ஃபாரா பிறந்தபோது அந்த ஆட்டம் நடந்து 12 ஆண்டுகூட நிறையவில்லை. ஐம்பது ஆண்டுகள் மைதானம் இல்லை, நுழைவுச்சீட்டு வருமானம் இல்லை, ரசிகர் பழக்கம் இல்லை. 2001-இல் சம்பளம் கொடுக்கக் கையில் காசு இல்லை என்று கிளப்புகள் சொன்னதற்கு வேர் அங்கே இருக்கிறது.

எவர்ட்டனில் என்ன சாதித்தார்?

2004 முதல் 2012 வரை எட்டு ஆண்டுகள். அந்தக் காலத்தில் ஆர்சனல் அணியை வெல்வது என்பதே ஒரு செய்தி, அவ்வளவு பலம். எவர்ட்டன் 2008-இல் லீக் கோப்பை இறுதியில் ஆர்சனலை 1–0 என்று வென்றது. 2010-இல் நாட்டிங்ஹமில் நடந்த எஃப்.ஏ. கோப்பை (கால்பந்துச் சங்கத்தின் கோப்பை) இறுதி கூடுதல் நேரம்வரை போய், கடைசி நிமிடங்களில் 3–2 என்று முடிந்தது. மறுபடியும் தோற்றது ஆர்சனல்.

சொந்த மைதானம் குடிசன் பார்க் என்று நினைத்துவிட வேண்டாம். பெண்கள் அணி கிராஸ்பியில் மரீன் என்ற சின்னக் கிளப்பின் ராசெட் பார்க்கில் ஆடியது, பிறகு விட்னஸ் நகரின் ரக்பி மைதானத்தில். ஆண்கள் அணி புது மைதானத்துக்குப் போன பிறகு, 2025-இல் குடிசன் பார்க் எவர்ட்டன் பெண்கள் அணியின் நிரந்தர வீடானது. ஃபாராவின் காலத்தில் அது நடந்திருந்தால் என்று ஏக்கமாகத்தான் இருக்கிறது.

அதே நகரத்தின் பரம எதிரி லிவர்பூல் கிளப்புக்கு எப்படிப் போனார்?

2011-இல் எட்டு அணிகளோடு மகளிர் சூப்பர் லீக் தொடங்கியது. முதல் இரண்டு ஆண்டும் லிவர்பூல் கடைசி இடம். பிறகு கிளப் நிர்வாகம் தீர்மானமாகப் பணம் போட்டது, பெண்கள் அணியை முழுநேரமாக்கியது. புதுப் பயிற்சியாளர் மேட் பியர்ட் எவர்ட்டனிலிருந்து ஃபாரா, நடாஷா டவி, லூசி பிரான்ஸ் ஆகியோரை அழைத்துவந்தார். எவர்ட்டன் ரசிகர்களுக்கு அது வலித்திருக்கும், புரிகிறது. ஆனால் 28 வயதில் முதன்முறையாக, கால்பந்தை மட்டுமே நம்பி வாழலாம் என்று ஒரு கிளப் சொல்லும்போது, அதுவும் ஃபாராவைப் போன்ற ஒருவரிடம் சொல்லும்போது, வேறு என்ன பதில் எதிர்பார்க்க முடியும்?

2013-இல் கடைசி இடத்திலிருந்து நேராகச் சாம்பியன். தொடர்ந்து ஒன்பது முறை பட்டம் வென்ற ஆர்சனலின் ஆட்சி முடிந்தது.

2014 இன்னும் பரபரப்பு. அக்டோபர் 12, கடைசி நாள். செல்சீ 26 புள்ளி, பர்மிங்ஹம் 24, லிவர்பூல் 23. மூன்று ஆட்டமும் ஒரே நேரத்தில். செல்சீ மான்செஸ்டர் சிட்டியிடம் தோற்றது, பர்மிங்ஹம் டிரா செய்தது, லிவர்பூல் பிரிஸ்டலை 3–0 என்று வென்றது. செல்சீக்கும் லிவர்பூலுக்கும் 26 புள்ளி. கோல் வித்தியாசத்தில் பட்டம் லிவர்பூலுக்கு. காலையில் மூன்றாம் இடத்தில் இருந்த அணி சாயங்காலம் கோப்பையைத் தூக்கியது.

அவர் ஆட்டம் எப்படி இருக்கும்? வேகமானவரா?

வேகத்தால் பெயர் வாங்கியவர் இல்லை. தற்காப்பு வரிசைக்கு முன்னால் நின்று ஆட்டத்தின் தாளத்தைப் பிடித்து வைத்திருப்பவர். நீளமான பாஸ்களைக் குறி தவறாமல் போடுவார். ஃப்ரீ கிக், பெனால்டி எதுவானாலும் பந்தை அவரிடம்தான் கொடுப்பார்கள். நடுக்களத்தில் இருந்துகொண்டே 40 சர்வதேசக் கோல் என்பது சின்ன எண்ணிக்கை அல்ல. 2011 உலகக் கோப்பையில் மெக்சிகோவுக்கு எதிராகத் தலையால் முட்டி அடித்த கோல் ஒன்று உண்டு. கால் மட்டும்தான் தெரியும் என்று நினைப்பவர்கள் தேடிப் பார்க்கலாம்.

172 என்ற சாதனை எப்போது வந்தது?

முந்தைய சாதனை ரேச்சல் யான்கியின் 129. 2014 ஆகஸ்டில் ஹார்ட்ல்பூலில் சுவீடனுக்கு எதிராக 130-ஆவது ஆட்டம் ஆடி ஃபாரா அதைக் கடந்தார். இங்கிலாந்து 4–0 என்று வென்றது. அதன் பிறகும் 42 ஆட்டங்கள் ஆடினார்.

2007, 2011, 2015 உலகக் கோப்பைகளில் ஆடினார். 2009 ஐரோப்பியக் கோப்பையில் ஹெல்சிங்கி இறுதிவரை போய் ஜெர்மனியிடம் 6–2 என்று தோற்ற அணியிலும் இருந்தார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டன் அணியிலும் இருந்தார். அங்கே வெம்ப்ளியில் 70,000-க்கும் மேற்பட்டோர் முன்னிலையில் பிரேசிலை 1–0 என்று வென்றார்கள். இங்கிலாந்தில் பலர் பெண்கள் கால்பந்தை முதன்முதலாக உட்கார்ந்து பார்த்தது அந்த இரவில்தான்.

2015 உலகக் கோப்பையைப் பற்றிச் சொல்லுங்கள்.

கனடாவில் நடந்தது. பயிற்சியாளர் மார்க் சாம்ப்சன். ஃபாராவுக்கு வயது 31. குழு ஆட்டத்தில் கொலம்பியாவுக்கு எதிராகப் பெனால்டியில் ஒரு கோல். இங்கிலாந்து வரலாற்றில் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது.

எட்மன்டனில் ஜப்பானோடு அரையிறுதி. ஜப்பான் பெனால்டியில் முந்தியது. 40-ஆவது நிமிடம் இங்கிலாந்துக்கு ஒரு பெனால்டி. ஃபாரா அடித்துச் சமன் செய்தார். அப்புறம் ஆட்டம் முடியப் போகிற நேரம், லாரா பாசெட் தடுக்க நீட்டிய காலில் பட்டு பந்து சொந்த வலைக்குள் போய்விட்டது. 2–1. பாசெட் அழுததைப் பார்த்தவர்களுக்கு மறக்காது.

மூன்று நாள் கழித்து, ஜூலை 4, மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். எதிரே ஜெர்மனி. அதுவரை இங்கிலாந்து பெண்கள் ஜெர்மனியை ஒருமுறைகூட வென்றதில்லை. 90 நிமிடமும் கோல் இல்லை. கூடுதல் நேரத்தில் இங்கிலாந்தின் லியான் சாண்டர்சனைப் பெனால்டி பெட்டிக்குள் இழுத்துவிட, பெனால்டி. ஜெர்மனியின் கோல் காப்பவர் நடீன் ஆங்கரர், 2013-இல் உலகின் சிறந்த வீராங்கனை விருது பெற்றவர், அது அவருடைய கடைசி சர்வதேச ஆட்டம். 108-ஆவது நிமிடத்தில் ஃபாரா பந்தை வலைக்குள் அனுப்பினார். வெண்கலம். அந்தத் தொடரில் அவர் எடுத்த மூன்றாவது பெனால்டி கோல் அது. லாரா பாசெட்டும் அன்று முழு ஆட்டம் ஆடினார். ஃபாராவின் கோல் அவருக்கும் சேர்த்துத்தான் என்று நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன்.

ஆர்சனல், ரெடிங் காலம் எப்படி?

2016-இல் ஆர்சனல் போனார். அந்த ஆண்டு வெம்ப்ளியில் செல்சீயை 1–0 என்று வென்று எஃப்.ஏ. கோப்பை பெற்ற அணியில் இருந்தார். அதே ஆண்டு எம்.பி.இ. என்ற பிரிட்டிஷ் அரச விருதும் கிடைத்தது. 2017-இல் ரெடிங். முப்பதைத் தாண்டியும் அங்கே அபாரமாக ஆடினார், ஆனால் 2019 உலகக் கோப்பை அணியில் இடம் கிடைக்கவில்லை. பிறகு சிறுநீரக நோய் வந்து கொஞ்ச காலம் ஆட முடியாமல் போனது. மீண்டு வந்து ஆடிவிட்டுத்தான் 2021-இல் விடைபெற்றார்.

அம்மாவோடு சமாதானம் ஆனதா?

ஆனது. பல ஆண்டுகள் கழித்து இருவரும் மீண்டும் சேர்ந்தார்கள். அந்தப் பிணக்கின் விவரங்களை நான் துருவப் போவதில்லை, அது அவர்கள் குடும்ப விஷயம்.

வீடற்றவர்களுக்காக அவர் ஏதாவது செய்தாரா?

செய்தார். வீடில்லாத இளைஞர்களுக்குக் கால்பந்து வழியாகக் கைகொடுக்கும் 'ஹோம்லெஸ் எஃப்.ஏ.' அமைப்போடு சேர்ந்து, வீடற்ற பெண்களின் இங்கிலாந்து அணிக்குப் பயிற்சி கொடுத்தார். வீடற்றோர் உலகக் கோப்பை என்று தனியாக ஒரு போட்டியே உண்டு, அதற்கான அணி அது. தேசிய அணியில் ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே இதைச் செய்தார். "நீ படுகிற கஷ்டம் எனக்குப் புரிகிறது" என்று அங்கே வருகிற ஒரு பெண்ணிடம் அவர் சொன்னால், அதை நம்பாமல் இருக்க முடியாது.

இன்று அதே நிலையில் ஒரு 17 வயதுப் பெண் வந்தால்?

நிலைமை நிறைய மாறியிருக்கிறது. 2018-இல் சூப்பர் லீகின் மேல்தட்டு முழுக்க முழுநேரத் தொழில்முறை ஆனது. 2022-இல் மகப்பேறு விடுப்பில் முதல் 14 வாரம் முழுச் சம்பளம் என்பது ஒப்பந்தத்திலேயே வந்தது. 2025–26 பருவத்தில் குறைந்தபட்சச் சம்பளமும் வந்துவிட்டது. 2022 ஐரோப்பியக் கோப்பை இறுதியை வெம்ப்ளியில் பார்த்தவர்கள் 87,192 பேர். 2025 ஜூலையில் ஆர்சனல் ஒலிவியா ஸ்மித் என்ற ஒரே வீராங்கனையை வாங்க பத்து லட்சம் பவுண்டு கொடுத்தது.

ஆனாலும் முழுசாக நிம்மதிப்பட முடியவில்லை. மேல்தட்டுக்குக் கீழே இறங்கினால் பகலில் வேலை, இரவில் பயிற்சி என்பது இன்னும் இருக்கிறது. ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுதான். ரெடிங்கையே பாருங்கள். ஃபாரா ஓய்வு பெற்ற இரண்டே ஆண்டில் சூப்பர் லீகிலிருந்து இறங்கியது. 2024-இல் பணமில்லை என்று பெண்கள் அணி இரண்டாம் நிலை லீகிலிருந்தும் விலகி, ஐந்தாம் நிலைக்குப் போய்விட்டது. ஆண்கள் கிளப்பின் பணப்பெட்டி காலியானால் முதலில் கைவைப்பது பெண்கள் அணியின் மேல்தான்.

முதலில் எந்த ஆட்டத்தைப் பார்க்கலாம்?

2015-இல் எட்மன்டனில் ஜெர்மனியோடு நடந்த அந்த மூன்றாம் இட ஆட்டம். முடிந்தால் 120 நிமிடமும் பாருங்கள். பெனால்டியை மட்டும் துண்டாகப் பார்த்தால் ஒரு நிமிட வேலை. முழு ஆட்டத்தைப் பார்த்தால், பந்து தன்னிடம் இல்லாத நேரத்தில் அவர் தலையைத் திருப்பித் திருப்பி யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பது தெரியும்.